பார்வையாளரைச் செயலில் இறங்க வைக்கும் இணையப் பக்கம்: முதல் வரியிலிருந்து சோதனை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தளம் வடிவமைக்கப் புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் டெம்ப்ளேட்டில், அதாவது தயாராகக் கிடைக்கும் பக்க வடிவத்தில், தொடங்குகிறார்கள். அடுத்து வண்ணம், அதன் பிறகு படங்கள். எழுத்துக்கான கட்டங்கள் மிஞ்சும்போது கைக்கு வந்ததை எழுதி நிரப்புகிறார்கள். பக்கம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். வருபவர்கள் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். உடனே எழும் கேள்வி: "பொத்தானைச் சிவப்பாக்கினால் சரியாகிவிடுமா?"

ஆகாது. கோளாறு வரிசையில் இருக்கிறது. முதலில் செயல், பிறகு தயக்கம், பிறகு எழுத்து, அதன் பிறகு வடிவம், கடைசியில் வண்ணம். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. ஒரு படியின் விளைவை அடுத்த படி எடுத்துப் பயன்படுத்துவதால் இடையில் எதையும் தாண்டிப் போகாதீர்கள்.

எல்லாப் படிகளுக்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: ஆன்லைனில் கிடார் கற்றுத் தரும் ஓர் ஆசிரியர். தன் பக்கத்துக்கு வருபவர்கள் இலவச அறிமுக வகுப்புக்குப் பதிவு செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வாடிக்கையாளர்கள் இதுவரை கேட்ட கேள்விகள் வேண்டும். மின்னஞ்சல், வாட்ஸ்ஆப், தொலைபேசிக் குறிப்பு என எதில் இருந்தாலும் அவர்கள் கேட்ட சொற்களிலேயே எடுத்து வையுங்கள். இது இல்லாமல் மூன்றாம் படியைத் தொட முடியாது. புதிய தொழில் என்றால், இதே சேவையை வேறெங்காவது வாங்கியவர்கள் நான்கைந்து பேரிடம் பேசுங்கள். வாங்குவதற்கு முன் எதற்காகத் தயங்கினார்கள் என்று கேளுங்கள்.

தளத்தின் எழுத்து, படிவம், நன்றிப் பக்கம் மூன்றையும் நீங்களே திருத்தும் அனுமதி வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் நிரலாளரை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நிலையில் கடைசிப் படி நடக்கவே நடக்காது.

சில ஆண்டுகள் பழையதான, விலை குறைந்த ஒரு கைபேசி வேண்டும். உங்கள் மேசையில் இருக்கும் பெரிய திரையும் வேகமான இணைப்பும் உங்களை ஏமாற்றிவிடும்.

புதிய லோகோ வேண்டாம். அதற்காக வேலையைத் தள்ளிப் போடுபவர்கள் நிறையப் பேர்.

1. ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு செயல்

இந்த வாக்கியத்தை நிரப்புங்கள்: "இந்தப் பக்கத்துக்கு வந்தவர் ______ செய்துவிட்டால் பக்கம் தன் வேலையை முடித்துவிட்டது." கோட்டில் எழுதுவது எண்ணிப் பார்க்கக்கூடிய செயலாக இருக்க வேண்டும். "எங்களைப் பற்றித் தெரிந்துகொள்வது" என்பதை எண்ண முடியாது. "அறிமுக வகுப்புக்கு நேரம் பதிவு செய்வது" என்பதை எண்ணலாம்.

செயல் ஒன்றாக இருக்க வேண்டியதற்குக் காரணம், இதற்குப் பின் வரும் ஒவ்வொரு முடிவையும் உரசிப் பார்க்கும் கல் இதுதான். இந்தப் படம் வேண்டுமா, இந்தப் பத்தி வேண்டுமா, மெனுவில் இந்த இணைப்பு வேண்டுமா என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் இங்கிருந்துதான் வரும். பதிவு செய்யுங்கள், எங்களைப் பின்தொடருங்கள், செய்திமடல் பெறுங்கள், அழையுங்கள் என்று நான்கு வேண்டுகோள்களை ஒரே அளவில் வைத்தால் எது முக்கியம் என்று முடிவெடுக்கும் வேலையைப் பார்வையாளர் தலையில் கட்டுகிறீர்கள். அவர் அந்த வேலையைச் செய்ய வரவில்லை.

உரிமையாளர் இரண்டு செயல்கள் கட்டாயம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார். அப்போது வரிசைப்படுத்துங்கள். முதலாவது பொத்தானாகட்டும்; இரண்டாவது சாதாரண எழுத்து இணைப்பாக அடியில் நிற்கட்டும்.

கேட்பதன் அளவையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். உங்களை இன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவரிடம் ஓராண்டுக் கட்டணத்தைக் கேட்டால் எந்த வடிவமைப்பும் காப்பாற்றாது. அறிமுகமில்லாதவரிடம் சிறியதைக் கேளுங்கள். பெரியதை அடுத்த பக்கம் கேட்கட்டும்.

2. வருபவர் எங்கிருந்து வருகிறார்?

விளம்பரம், தேடல், நண்பரின் பரிந்துரை ஆகிய ஒவ்வொரு வழிக்கும் மூன்று வரிகள் எழுதுங்கள். இங்கு வருவதற்குச் சற்று முன் அவர் எதைப் படித்தார்? இதைப் பற்றி ஏற்கெனவே என்ன தெரியும்? உங்களை விட்டுப் போனால் வேறு என்ன செய்வார்?

மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கிடார் ஆசிரியரின் போட்டி இன்னொரு ஆசிரியர் மட்டும் இல்லை. யூடியூபில் இலவசமாகக் கிடக்கும் பாடங்களும், "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற எண்ணமும் போட்டிதான். பக்கம் இவற்றோடும் பேச வேண்டும்.

முதல் கேள்வியின் பயன் உடனடியானது. விளம்பரத்தில் "30 நிமிட இலவச அறிமுக வகுப்பு" என்று இருந்தால் பக்கத்தின் தலைப்பிலும் அதே சொற்கள் இருக்க வேண்டும். "இசைப் பயணத்துக்கு வரவேற்கிறோம்" என்று இருந்தால், தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்ற ஐயம் எழும்; விரல் பின்செல்லும் பொத்தானுக்குப் போகும். எல்லா விளம்பரங்களையும் முகப்புப் பக்கத்துக்கே அனுப்புவதுதான் இந்தப் படியில் நடக்கும் பெரிய தவறு.

3. தயக்கங்களின் பட்டியல்

முழு வேலையிலும் அதிக நேரம் தர வேண்டிய படி இது. செய்யலாம் என்று வந்தவர் செய்யாமல் போகிறார் என்றால், பெரும்பாலும் பதில் கிடைக்காத ஒரு கேள்வி அவர் மனத்தில் நின்றுவிட்டது என்று பொருள். உந்தித் தள்ளுவதைவிட அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது நல்லது.

சேகரித்து வைத்த கேள்விகளை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள். கிடார் ஆசிரியருக்குக் கிடைக்கக்கூடிய பட்டியல் இது:

"எனக்கு நாற்பது வயது. இனிமேல் வருமா?"
"முதலில் கிடார் வாங்கிவிட்டுத்தான் சேர வேண்டுமா?"
"இலவசம் என்று சொல்லிவிட்டு அட்டை எண் கேட்பீர்களா?"
"வகுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள்? எல்லோர் முன்பும் வாசிக்க வேண்டுமா?"
"ஒரு வகுப்பைத் தவறவிட்டால் என்ன ஆகும்?"
"பதிவு செய்தால் தினமும் போன் செய்து தொல்லை கொடுப்பீர்களா?"

இவற்றில் பாதி, ஆசிரியர் தானாக உட்கார்ந்து யோசித்தால் தோன்றியிருக்காது. எல்லோர் முன்பும் வாசிக்கக் கூச்சம் என்பதை அவர் எப்போதோ மறந்துவிட்டார். அதனால்தான் கற்பனையில் பட்டியல் போடாதீர்கள் என்கிறேன்.

அடுத்து இதைப் பிரிக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பி.ஜே. ஃபாக் 2009இல் முன்வைத்த நடத்தை மாதிரி இதற்குக் கைகொடுக்கிறது. விருப்பம், செய்வதற்கான எளிமை, தூண்டுதல் ஆகிய மூன்றும் ஒரே கணத்தில் கூடினால்தான் செயல் நிகழும் என்பது அதன் சாரம். ஒவ்வொரு தயக்கத்துக்கும் பக்கத்தில் எழுதுங்கள்: இது விருப்பத்தைப் பற்றியதா, எளிமையைப் பற்றியதா, "இப்போதே எதற்கு?" என்பதைப் பற்றியதா?

"இனிமேல் வருமா?" என்பது விருப்பம் தொடர்பானது, அதை எழுத்தாலும் சான்றாலும் தீர்க்க வேண்டும். கிடார் வாங்குவது, அட்டை எண் தருவது இரண்டும் எளிமை தொடர்பானவை. அவற்றைப் படிவத்திலும் விதிமுறையிலும் தீர்க்க வேண்டும். ஒரு வகைத் தயக்கத்துக்கு இன்னொரு வகையின் மருந்தைக் கொடுப்பதுதான் வழக்கமான சறுக்கல். படிவம் நீளமாக இருப்பதால் போகிறவரைத் தலைப்பை மாற்றி நிறுத்த முடியாது.

பட்டியலில் ஏதாவது ஒரு கேள்விக்கு நேர்மையான பதில் சங்கடமானதாக இருக்கலாம். உண்மையிலேயே அட்டை எண் கேட்கிறீர்கள் என்றால், வடிவமைப்பை நிறுத்திவிட்டு முதலில் அந்த நடைமுறையை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

4. வெற்றுத் தாளில் எழுத்து

டெம்ப்ளேட்டை இன்னும் திறக்காதீர்கள். ஒரு சாதாரண ஆவணத்தில் மேலிருந்து கீழாகப் பக்கம் முழுவதையும் எழுதுங்கள். வடிவத்துக்குள் எழுதினால் மூன்று கட்டம் இருக்கிறதே என்பதற்காக மூன்று "சிறப்பம்சங்கள்" பிறக்கும். தேவை இரண்டாக இருக்கும், அல்லது ஐந்தாக இருக்கும்.

வரிசைக்கு எளிய வழி, தயக்கங்கள் மனத்தில் எழும் வரிசையிலேயே பதில்களை அடுக்குவது. இது என்ன, எனக்கானதா, என்ன கிடைக்கும், நம்பலாமா, என்ன செய்ய வேண்டும், செய்தால் என்ன நடக்கும் என்பது பல பக்கங்களுக்குப் பொருந்தும். உங்கள் பட்டியல் வேறு வரிசையைச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

தலைப்பைக் கிட்டத்திலிருந்து பார்ப்போம். ஆசிரியர் முதலில் எழுதியது:

"தரமான இசைக் கல்வி – உங்கள் கனவுகளுக்குச் சிறகு"

இதில் கிடாரும் இல்லை, வகுப்பும் இல்லை, யாருக்கு என்பதும் இல்லை. பரதநாட்டியப் பள்ளி ஒன்று இதே வரியை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். நல்ல சோதனை இதுதான்: உங்கள் தலைப்பை வேறு தொழில் செய்பவரின் பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். அங்கும் பொருந்தினால் அழித்துவிடுங்கள். திருத்தியது:

"கிடாரை இதுவரை தொட்டதே இல்லையா? 30 நிமிட அறிமுக வகுப்பில் முதல் இரண்டு கார்டுகளை வாசித்துப் பாருங்கள்"

(கார்டு என்பது சில சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது.) அடியில் துணை வரி: "நீங்களும் ஆசிரியரும் மட்டும். கட்டணம் இல்லை, அட்டை எண் கேட்பதில்லை." பட்டியலில் இருந்த மூன்று தயக்கங்கள் இரண்டே வரிகளில் தீர்ந்துவிட்டன. கவனியுங்கள், இதில் ஒரு பெயரடைகூட வேலை செய்யவில்லை. "சிறந்த", "தனித்துவமான", "உலகத் தரம் வாய்ந்த" போன்றவற்றை எழுதும்போது உங்களுக்கு நிறைவாக இருக்கும். படிப்பவரின் கண் அவற்றைத் தாண்டிப் போய்விடும்.

உபதலைப்புகளும் செய்தி சொல்ல வேண்டும். மக்கள் இணையப் பக்கத்தை வரி விடாமல் படிப்பதில்லை. இணையப் பயன்பாட்டை ஆராயும் நீல்சன் நார்மன் குழுமம் கண் அசைவைப் பதிவு செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், மேலே உள்ள வரிகளைக் குறுக்காகவும் பிறகு இடது ஓரமாகக் கீழ்நோக்கியும் பார்வை ஓடுவது தெரிந்தது. ஆகவே "எங்கள் முறை" என்று உபதலைப்பு வைத்தால் ஓடும் கண்ணுக்கு ஒன்றும் கிடைக்காது. "வகுப்பைத் தவறவிட்டால் அதே வாரம் மாற்று நேரம்" என்று வையுங்கள். எழுதி முடித்ததும் உபதலைப்புகளை மட்டும் தனியாகப் படித்துப் பாருங்கள். அவை மட்டுமே ஒரு சுருக்கமான வாதமாக நிற்க வேண்டும்.

5. முதல் திரை

இப்போதுதான் வடிவம். கைபேசித் திரையில் தொடங்குங்கள். பெரிய திரைக்கு விரிப்பது எளிது, சிறியதற்குச் சுருக்குவது கடினம்.

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் கிட்டே லிண்ட்கார்டு குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பக்கத்தின் தோற்றம் பற்றிய கருத்து 50 மில்லி விநாடியில் உருவாகிவிடுகிறது. பக்கத்தில் உள்ளதைப் படித்து முடிக்க அது போதாது. அதனால் நெரிசல் இல்லாத, பார்த்ததும் ஒழுங்காகத் தெரிகிற முதல் திரை வேண்டும். அதற்கு மேல் அலங்காரத்தில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

முதல் திரையில் தலைப்பு, துணை வரி, பொத்தான், பொருளை நேராகக் காட்டும் ஒரு படம் ஆகியவை போதும். எல்லாவற்றையும் மேலே திணிக்க வேண்டும் என்ற பயம் தேவையில்லை. நீல்சன் நார்மன் குழுமத்தின் 2018 ஆய்வில் மொத்தப் பார்வை நேரத்தில் 57 சதவீதம் முதல் திரையில் செலவானது. மீதி கீழேதான். மேலே கிடைப்பது பயனுள்ளதாக இருந்தால் கீழே உருட்டுகிறார்கள்.

தானாக நகரும் ஸ்லைடரை எடுத்துவிடுங்கள். எதை முன்னிறுத்துவது என்று அலுவலகத்தில் முடிவு எட்டாதபோது பிறக்கும் பொருள் அது. படிக்கத் தொடங்கும்போதே வாக்கியம் நகர்ந்து போகும். விளம்பரப் பட்டை போலத் தோன்றுவதால் கண்ணும் தானாகவே அதைத் தவிர்க்கும்.

விளம்பரத்திலிருந்து வருபவருக்கான பக்கத்தில் மெனுவையும் குறைக்கலாம். ஒவ்வொரு இணைப்பும் வெளியே போகும் ஒரு கதவு. தளத்தின் மற்றப் பக்கங்களில் மெனு இருக்கட்டும்.

சோதனை: பக்கத்தைப் பார்க்காத ஒருவருக்கு முதல் திரையை ஐந்து விநாடி காட்டி மூடிவிடுங்கள். இது எதைப் பற்றியது, என்ன செய்யச் சொல்கிறது என்று கேளுங்கள். இரண்டில் ஒன்றுக்குப் பதில் வராவிட்டால் நான்காம் படிக்குத் திரும்புங்கள்.

6. பொத்தான்

பொத்தானின் மேல் உள்ள சொல், அழுத்தினால் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். "சமர்ப்பிக்கவும்" என்பது கணினியின் மொழி. "எனக்கு ஒரு நேரம் பதிவு செய்" என்பது வந்தவரின் மொழி. அழுத்தியதும் நேரம் தேர்ந்தெடுக்கும் நாள்காட்டி வரும் என்றால் "நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்" இன்னும் துல்லியம்.

பொத்தானுக்கு நேர் கீழே சிறு எழுத்தில் கடைசித் தயக்கத்துக்கான பதிலை வையுங்கள்: "ஒரே ஒரு உறுதிப்படுத்தல் மின்னஞ்சல் வரும். போன் செய்ய மாட்டோம்." விரல் நிற்கும் இடத்தில்தான் அந்தப் பயம் எழுகிறது, பதிலும் அங்கேயே இருக்க வேண்டும்.

வண்ணச் சண்டைக்கு இரண்டு வரி போதும். எந்த வண்ணத்துக்கும் மந்திர சக்தி கிடையாது. பக்கத்தில் வேறெதற்கும் பயன்படுத்தாத ஒரு வண்ணத்தைப் பொத்தானுக்கு மட்டும் ஒதுக்குங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு மாறுபாடு இருக்கட்டும். இணைய அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகள் வழக்கமான அளவு எழுத்துக்குக் கேட்பது இது. வெளிர் சாம்பலில் வெள்ளை எழுத்து நாகரிகமாகத் தெரியலாம், வெயிலில் கைபேசியைப் பிடித்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

அளவைப் பொறுத்தவரை, அதே நெறிகளின் 2023ஆம் ஆண்டுப் பதிப்பு தொடும் இடத்துக்கு 24க்கு 24 பிக்சலைக் குறைந்தபட்சமாகச் சொல்கிறது. கடுமையான நிலைக்கு 44. முக்கியப் பொத்தானுக்கு 44க்குக் கீழே போகாதீர்கள்.

நீளமான பக்கத்தில் பொத்தானைத் திரும்பத் திரும்ப வைக்கலாம். ஆனால் எல்லா இடத்திலும் அதே சொற்கள் இருக்கட்டும். ஓரிடத்தில் "பதிவு", இன்னோரிடத்தில் "சேருங்கள்", மற்றோரிடத்தில் "தொடங்கு" என்றால் மூன்றும் வேறு வேறு என்று நினைப்பார்கள்.

7. படிவம்

ஆசையோடு வந்தவர்கள் அதிகம் உதிர்வது இங்கேதான். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த விவரம் இல்லாமல் அறிமுக வகுப்பை நடத்த முடியுமா? முடியும் என்றால் எடுத்துவிடுங்கள்.

ஆசிரியரின் படிவத்தில் பெயர், தந்தை பெயர், வயது, முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், முன் அனுபவம், எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள், விருப்பமான நேரம் என்று ஒன்பது கட்டங்கள் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். வகுப்பு நடக்கத் தேவையானவை பெயர், மின்னஞ்சல், நேரம். முன் அனுபவத்தை வகுப்பின் முதல் நிமிடத்தில் கேட்டுக்கொள்ளலாம். "எப்படி அறிந்தீர்கள்" என்பது ஆசிரியருக்குத் தேவையான தகவல். அதை நன்றிப் பக்கத்தில் கேட்டால் விருப்பமுள்ளவர்கள் சொல்வார்கள். ஒன்பது மூன்றாகிவிட்டது.

தொலைபேசி எண் கட்டாயம் வேண்டும் என்றால் எதற்கு என்பதைக் கட்டத்தின் அருகிலேயே எழுதுங்கள்: "வகுப்பு நேரம் மாறினால் குறுஞ்செய்தி அனுப்ப மட்டும்." காரணம் தெரியாத கேள்விக்குப் பொய் எண்தான் பதிலாக வரும்.

கணக்குத் தொடங்கச் சொல்வதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பயன்பாட்டு ஆய்வாளர் ஜாரெட் ஸ்பூல் 2009இல் எழுதிய ஒரு நிகழ்வு இதற்கு நல்ல சான்று. பெரிய ஆன்லைன் கடை ஒன்றில் பணம் செலுத்தும் முன் "பதிவு செய்க" என்று ஒரு பொத்தான் நின்றது. அதை எடுத்துவிட்டு "தொடர்க" என்று மாற்றி, வாங்குவதற்குக் கணக்கு தேவையில்லை என்று ஒரு சிறு குறிப்பும் சேர்த்தார்கள். வாங்கி முடித்தவர்கள் 45 சதவீதம் கூடினார்கள். முதல் ஆண்டில் கூடுதல் வருமானம் 30 கோடி டாலர் என்று அவர் கணக்கிட்டார். பொருளின் விலையையும் தரத்தையும் யாரும் தொடவில்லை.

இனி தொழில்நுட்பச் சிறு விஷயங்கள். சிறியவைதான், கைபேசியில் தட்டச்சு செய்பவரை இவைதான் அலைக்கழிக்கும்.

கட்டத்தின் பெயரை மேலே வெளியில் வையுங்கள். கட்டத்துக்குள் மங்கலான எழுத்தில் வைத்தால் தட்டத் தொடங்கியதும் மறைந்துவிடும். பாதியில் கவனம் சிதறியவர் எதை நிரப்புகிறோம் என்று அழித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

கட்டங்களை ஒரே நெடுவரிசையில் அடுக்குங்கள். இரண்டு நெடுவரிசைகளில் கண் எந்தப் பக்கம் போவது என்று தடுமாறி ஒன்றைத் தவறவிடும்.

எண் கேட்கும் கட்டத்தில் எண் விசைப்பலகை தானாக வர வேண்டும். பெயர், மின்னஞ்சல் கட்டங்களில் உலாவி தானே நிரப்பித் தரும் வசதியை முடக்காதீர்கள். கட்டத்தின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோனின் சஃபாரி உலாவி பக்கத்தைத் தானாகப் பெரிதாக்கிவிடும். பொத்தான் திரைக்கு வெளியே போய்விடும்.

பிழைச் செய்தி பிழை நடந்த கட்டத்தின் அருகிலேயே, எப்படித் திருத்துவது என்பதோடு வர வேண்டும். "தவறான உள்ளீடு" என்று சொன்னால் யாருக்கும் எதுவும் புரியாது. "மின்னஞ்சலில் @ குறி விடுபட்டிருக்கிறது" என்பது உதவும். தொலைபேசி எண்ணில் இடைவெளி விட்டதற்காகத் திருப்பி அனுப்பாதீர்கள், அந்த இடைவெளியை நிரலே நீக்கிக்கொள்ளட்டும். ஒரு கட்டத்தில் பிழை என்பதற்காக மற்றக் கட்டங்களையும் காலியாக்கிவிடும் படிவங்கள் இன்றும் உலவுகின்றன. அதைப் போல ஆளை விரட்டுவது வேறொன்றும் இல்லை.

8. சான்று எங்கே நிற்க வேண்டும்

பாராட்டுகளை எல்லாம் திரட்டிப் பக்கத்தின் அடியில் ஒரு பகுதியாக வைப்பது வழக்கம். அதுவரை போகிறவர்கள் குறைவு. மூன்றாம் படியின் பட்டியலை எடுத்து, எந்தத் தயக்கத்தை எந்தச் சான்று தீர்க்கிறதோ அதன் அருகில் வையுங்கள். வயதைப் பற்றிய பத்திக்குப் பக்கத்தில், நாற்பத்தைந்து வயதில் தொடங்கிய மாணவரின் வார்த்தைகள் இருக்கட்டும்.

"அருமையான வகுப்பு, மிக்க நன்றி" என்பது சான்றாகாது. முன்பு என்ன பயம் இருந்தது, பிறகு என்ன மாறியது என்பது இருந்தால்தான் படிப்பவர் தன்னை அதில் பார்ப்பார். கருத்துக் கேட்கும்போதே "சேரும் முன் எதற்காகத் தயங்கினீர்கள்?" என்று கேட்டால் இப்படிப்பட்ட பதில் கிடைக்கும்.

சான்று இன்னும் இல்லையென்றால் இல்லாமலேயே விடுங்கள். கற்பனைப் பெயரில் எழுதாதீர்கள். ஆசிரியர் வாசிக்கும் ஒரு நிமிடக் காணொளி, வகுப்பு எப்படி நடக்கும் என்ற திரைப் பதிவு ஆகியவையும் சான்றுகள்தான். விற்பனைக்குக் கிடைக்கும் புன்னகைப் படங்களைத் தவிருங்கள்; அதே முகம் பல் மருத்துவமனைத் தளத்திலும் சிரித்துக்கொண்டிருக்கும்.

9. வேகமும் நிலைத்தன்மையும்

கூகுளின் அளவுகோல்கள் தெளிவாக இருக்கின்றன. முதன்மை உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டதற்கான எதிர்வினை 200 மில்லி விநாடிக்குள் வர வேண்டும். பக்கம் திறந்திருக்கும்போது அதில் உள்ளவை எதிர்பாராமல் இடம்பெயரும் அளவு 0.1க்குள் இருக்க வேண்டும். நான்கில் மூன்று வருகைகளுக்காவது இவை கிடைக்க வேண்டும் என்பது கணக்கு. போதிய வருகை உள்ள பக்கமானால், பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் முகவரியைக் கொடுத்து மூன்றையும் பார்க்கலாம்.

புதியவர்களின் பக்கங்கள் மெதுவாக இருப்பதற்கு முதல் காரணம் பெரும்பாலும் படங்கள். கேமராவிலிருந்து நேராக எடுத்த படத்தை ஏற்றிவிடுகிறார்கள். திரையில் காட்டும் அகலத்துக்குச் சுருக்கி வெப்பி (WebP) என்ற கோப்பு வடிவில் ஏற்றுங்கள்.

மூன்றாவது அளவை அலட்சியப்படுத்தாதீர்கள். பொத்தானை அழுத்தப் போகும் நொடியில் மேலே ஒரு படம் தாமதமாக வந்து எல்லாவற்றையும் கீழே தள்ளினால் விரல் வேறொன்றில் படும். படங்களுக்கு அகல, உயர அளவுகளை முன்கூட்டியே நிரலில் கொடுத்தால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

10. இணங்க வைப்பதும் ஏமாற்றுவதும்

ஓடும் கடிகாரம், "இன்னும் இரண்டு இடங்கள் மட்டுமே" என்ற வரி ஆகியவை உண்மையாக இருந்தால் அவை தகவல். ஆசிரியருக்கு வாரத்தில் உண்மையிலேயே நான்கு மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்றால் அதைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். பக்கத்தைப் புதுப்பித்ததும் மீண்டும் முதலிலிருந்து ஓடும் கடிகாரம் பொய்.

முன்கூட்டியே குறியிட்ட பெட்டி, "வேண்டாம், எனக்கு இசையில் ஆர்வமில்லை" என்று மறுப்பவரைக் கூச வைக்கும் இணைப்பு, சேர ஒரு சொடுக்கும் விலகப் பத்துச் சொடுக்கும் கேட்கும் அமைப்பு ஆகிய தந்திரங்களுக்கு பயனர் அனுபவ வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல் 2010இல் "இருண்ட வடிவங்கள்" என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். இன்று பல நாடுகளில் சட்டமே இவற்றைத் தொடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் இணையத் தளமேடைகளுக்கு இத்தகைய வடிவமைப்பைத் தடை செய்கிறது.

ஒழுக்கத்தை ஒருபுறம் வைத்தாலும் கணக்கு உதைக்கும். ஏமாந்து பதிவு செய்தவர் வகுப்புக்கு வர மாட்டார். பதிவு எண்ணிக்கை ஏறும், வருகை இறங்கும், புகார் மின்னஞ்சல்கள் கூடும்.

11. செயலுக்குப் பிறகு

பொத்தானை அழுத்தியதும் "நன்றி" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். பதிவானது எது, எந்த நாள், எந்த நேரம், அடுத்து என்ன வரும், எப்போது வரும், மாற்ற வேண்டும் என்றால் எங்கே சொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் பதிவானதா இல்லையா என்ற குழப்பத்தில் இரண்டாம் முறையும் நிரப்புவார்கள்.

நன்றிப் பக்கத்துக்குத் தனி முகவரி கொடுங்கள். அடுத்த படியில் எண்ணுவதற்கு எளிதாக இருக்கும். உறுதிப்படுத்தல் மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டிக்குப் போகிறதா என்பதை இரண்டு மூன்று வெவ்வேறு மின்னஞ்சல் சேவைகளில் நீங்களே பதிவு செய்து பாருங்கள்.

12. அளவிடுதலும் சோதனையும்

வெளியிடும் முன் அளவீட்டு நிரலைப் பொருத்துங்கள். பக்கத்துக்கு வந்தவர்கள், படிவத்தைத் தொடங்கியவர்கள், முடித்தவர்கள் ஆகிய மூன்று எண்கள் போதும். வந்தவர்களில் வெகு சிலரே படிவத்தைத் தொடங்கினால் கோளாறு எழுத்தில் அல்லது சான்றில். தொடங்கியவர்கள் முடிக்காவிட்டால் கோளாறு படிவத்தில். எந்தப் படிக்குத் திரும்ப வேண்டும் என்று இந்த எண்களே சொல்லும்.

அதன் பிறகு ஐந்து பேரைக் கூப்பிட்டு, உங்கள் பழைய கைபேசியைக் கையில் கொடுத்து, பதிவு செய்யச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு பாருங்கள். வாயை மூடுவதுதான் கடினம். அவர் தடுமாறும் இடத்தில் "அது அங்கே கீழே இருக்கிறது" என்று சொல்லிவிட்டால் சோதனை அங்கேயே முடிந்துவிட்டது.

ஏ/பி சோதனைக்கு, அதாவது வருபவர்களை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு வடிவத்தைக் காட்டி ஒப்பிடுவதற்கு, எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். முன்னதாக ஒரு கணக்குப் போடுங்கள். வந்தவர்களில் 3 சதவீதம் பேர் பதிவு செய்கிறார்கள், அதை 3.6 ஆக்கும் மாற்றத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று வைப்போம். புள்ளியியலில் வழக்கமான தோராயச் சூத்திரம்: 16 × 0.03 × 0.97 ÷ 0.006². இதில் 0.03 பதிவு செய்பவர்களின் பங்கு, 0.97 செய்யாதவர்களின் பங்கு, 0.006 கண்டுபிடிக்க வேண்டிய வித்தியாசம். விடை சுமார் 12,900. ஒவ்வொரு வடிவத்துக்கும் அத்தனை பேர் வர வேண்டும்; இரண்டுக்கும் சேர்த்து 26,000 பேருக்குச் சற்றுக் குறைவு. மாதம் ஆயிரம் பேர் வரும் தளத்தில் இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

அவ்வளவு வருகை இல்லாதவர்கள் பொத்தான் சொல்லை மாற்றிச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஐந்து பேரைக் கவனிப்பது, பதிவு செய்தவர்களிடமும் செய்யாதவர்களிடமும் பேசுவது, படிவத்தைப் பாதியாக்குவது போன்ற பெரிய மாற்றங்களைச் செய்துவிட்டு முன்னும் பின்னும் எண்களை ஒப்பிடுவது போதும். ஒப்பிடும்போது விளம்பரத்தை அதே நேரத்தில் மாற்றாதீர்கள். எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

வருகை போதுமான அளவு உள்ளவர்கள் எத்தனை பேர் வரும்வரை சோதிப்போம் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். மூன்றாம் நாளில் ஒரு வடிவம் முன்னணியில் தெரிந்ததும் நிறுத்திவிடுவது பரவலான தவறு. தற்செயலான ஏற்றம் அப்படித்தான் வெற்றி போலத் தோன்றும். வார நாட்களும் விடுமுறை நாட்களும் வெவ்வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்பதால் முழு வாரங்களாகவே ஓட்டுங்கள். சோதனை முடிந்து இரண்டு வடிவங்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், பராமரிக்க எளிதானதை வைத்துக்கொண்டு தயக்கப் பட்டியலில் இன்னும் பதில் சொல்லாத அடுத்த கேள்வியை எடுங்கள்.